லைலாவுக்கென்று வைத்த போத்தல்

சாய்ந்தமருதில் பிள்ளைப்பேறு பார்க்கிற மிட்வைப் நாச்சியா ஒரு தெருவுக்குள் காலடி வைத்தால், வயிற்றுப் பிள்ளைக்காரிகள் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வார்கள். வெட்கத்தில் அல்ல, பயத்தில். ஆளைக் கண்டதும் பிடித்து நிறுத்தி, பெருவிரலால் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பாள். இமையின் உட்புறம் சிவப்பாக இருந்தால் தப்பினார்கள். வெளிறிக் கிடந்தால் ரத்தம் குறைவென்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி ஏச்சு விழும். பெண்ணுக்கு மட்டுமல்ல, அவள் உம்மாவுக்கு, புருஷனுக்கு, புருஷனைப் பெற்றவளுக்கு, எல்லோருக்கும் பங்கு உண்டு. நாச்சியாவின் கணவர் ஒரு வாத்தியார், வீட்டில் வாயே திறக்க மாட்டார். திறக்க இடம் கிடைத்தால்தானே.

இந்தக் கோபத்துக்கு ஒரு காரணம் இருந்தது. எழுபத்தெட்டாம் ஆண்டு கார்த்திகையில் சூறாவளி அடித்துக் கரையோரத்துத் தென்னைகளையெல்லாம் பிடுங்கி எறிந்த மூன்றாம் நாள், அவளுடைய தங்கை மைமூனாவுக்குப் பிள்ளை பிறந்தது. பிறந்த கையோடு ரத்தம் பெருக்கெடுத்தது. ரோட்டெல்லாம் மரம், மட்டக்களப்பிலிருந்து ஒரு போத்தல் ரத்தம் கொண்டுவர வழியில்லை. தங்கையின் கால்களைப் பிடித்துக்கொண்டு நாச்சியா மூன்று மணித்தியாலம் நின்றாள். பிடித்த கால்கள் அவள் கையிலேயே குளிர்ந்தன. பிறகு டொக்டர் சொன்னார், "இவவுக்கு வரும்போதே உடம்பில ரத்தமில்லை. கொஞ்சம் இருந்திருந்தா இந்தப் பெருக்கைத் தாங்கியிருப்பா." ஊரெல்லாம் பிள்ளைப்பேறு பார்த்தவள், ஒன்பது மாதத்தில் ஒரு தடவைகூடத் தன் தங்கையின் இமையை இழுத்துப் பார்க்கவில்லை. அதற்காக அவள் தன்னை மன்னிக்கவே இல்லை. ஊரையும் மன்னிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவளுக்கு ஒரே பைத்தியம்தான். ஆபத்து வந்த பிறகு போத்தலுக்கு ஓடக்கூடாது, போத்தல் தேவைப்படாத மாதிரிப் பெண்ணைப் பேறுக்கு அனுப்ப வேண்டும். இரும்புச் சத்துக் குளிசை, பூச்சிக்கு மருந்து, கீரை, மீன், காலுக்கு றப்பர் செருப்பு. செருப்பு எதற்கென்று கேட்டவளுக்கு, வளவுக்குப் பின்னால் ஈர மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் பாதத்தால் பூச்சி ஏறி உள்ளே இருந்து ரத்தம் குடிக்கும் என்று விளக்கி, போடாவிட்டால் அதே செருப்பால் அடிப்பேன் என்றும் சேர்த்துச் சொல்வாள்.

எண்பத்து நாலு கார்த்திகையில் அவள் கையில் அகப்பட்டவள்தான் சித்தி லைலா. வயது முப்பத்தொன்று, ஏழாவது வயிறு, ஐந்தாம் மாதம். இமையை இழுத்தால் உரித்த இறாலின் நிறம். ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய்ப் பரிசோதித்ததில், பன்னிரண்டு கிராம் இருக்க வேண்டிய ரத்தச் சத்து ஆறு கிராம்தான் இருந்தது. போதாததற்கு ஓ நெகட்டிவ் இனம். அந்த ரத்தம் யாருக்கும் ஏற்றலாம், ஆனால் அவளுக்கு ஏற்ற அதே ரத்தம்தான் வேண்டும். அது அந்தக் கரையில் நூறு பேரைத் தேடினாலும் இரண்டு பேரிடம் இருந்தால் அதிசயம்.

"இவ இப்படியே புள்ள பெத்தா மௌத்துத்தான்," என்றாள் நாச்சியா. செத்துப்போவாள் என்று லைலாவுக்கு முன்னாலேயே சொன்னாள். லைலா தலையைக் குனிந்துகொண்டு, "ஓம் ராத்தா," என்றாள், ஏதோ பஸ் பிந்தி வரும் என்று அக்கா சொன்னதைக் கேட்ட தங்கை மாதிரி.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், லைலாவின் புருஷன் ஜவுபர் மாட்டிறைச்சிக் கடைக்காரன். கல்முனைச் சந்தையில் அவனுடைய கடையில் நாளுக்கு ஒரு மாடு விழும். ஆனால் வீட்டுக்கு வருவது எலும்பும் சவ்வும். அதிலும் முதலில் அவன் தின்பான், பிறகு பிள்ளைகள், பிறகு லைலா சட்டியில் ஒட்டியதை வழித்துத் தின்பாள். அவள் தோளிலும் முதுகிலும் எப்போதும் பழைய காயம் ஒன்றும் புதுக் காயம் ஒன்றும் இருக்கும். விறகுக்கட்டை, இடுப்புப் பட்டி, எது கைக்கு வருகிறதோ அது. ஜவுபரைப் பற்றி நல்லதாகச் சொல்ல இந்தக் கதைக்காரனிடம் ஒன்றுமில்லை, தேடியும் பார்த்தாயிற்று.

நாச்சியா குடையும் பையுமாக நேரே கடைக்குப் போனாள். வெட்டுக் கட்டையில் ஒரு முழு ஈரல் பளபளவென்று கிடந்தது.

"இது ஆருக்கு?"

"அரசாங்கக் கந்தோர்ப் பெரியாக்களுக்கு," என்றான் ஜவுபர்.

"கிழமைக்கி ரெண்டு நாள் இதுல ஒரு துண்டு லைலாக்கு அனுப்பு."

அவன் சிரித்தான். "வயித்துப் புள்ளக்காரிக்கி ஈரல் குடுத்தாச் சூட்டுல புள்ள கலங்கிப் போகும். மிட்வைப்புக்கு இதும் தெரியாதா?"

"உன்ட மாடு உன்ட பொண்டாட்டிய விட நல்ல ரத்தத்தோட மௌத்தாகுது. அது தெரியுமா ஒனக்கி?"

கடையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். ஜவுபர் கத்தியோடு கட்டையைத் தாண்டிப் பாய்ந்தான். நாச்சியா மீன் வாடிகளைக் கடந்து சந்தை முனைவரை ஓடினாள். கூடைகள் சரிந்தன, யாரோ ஒரு கிழவர் மிதிபட்டார். முனையில் மூச்சு வாங்கி நின்று திரும்பினாள். கத்தி அவள் கழுத்துக்கு ஒரு முழத்தில் இருந்தது.

"வெட்டு," என்றாள். "வெட்டினா ரத்தம் வரும், என்னட்ட இருக்கு. உன்ட பொண்டாட்டிய வெட்டினா வராது."

அவன் வெட்டவில்லை. காறித் துப்பிவிட்டுப் போனான். ஆனால் நாச்சியா விட்டாளா? அடுத்த நாளிலிருந்து போகிற வீடெல்லாம் ஒரே கதைதான். பொண்டாட்டியைப் பட்டினி போட்டு ரத்தம் வற்ற வைத்தவனுடைய இறைச்சி எப்படி உடம்பில் ஒட்டும் என்று கேட்டுக்கொண்டே போனாள். பெண்கள் புருஷன்மாரை அடுத்த கடைக்கு அனுப்பினார்கள். நாலாம் நாள் பின்னேரம் ஈரல் பொட்டலம் ஒன்று லைலா வீட்டு முற்றத்தில் வந்து விழுந்தது. கொடுத்ததல்ல, எறிந்தது. கூடவே லைலாவுக்கு நாலு உதையும் விழுந்தது.

ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் ரத்தம் ஆறே கால். குளிசை, பூச்சி மருந்து, ஈரல், செருப்பு, இத்தனைக்கும் கால் கிராம். நாச்சியாவுக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. இவள் குளிசையைக் கிணற்றில் போடுகிறாள், வேறென்ன? பிள்ளை பெரிதாக வளர்ந்துவிடும் என்று பயந்து எத்தனை பேர் போட்டிருக்கிறார்கள். லைலாவின் அடுக்களைக்குள் புகுந்தாள்.

"குளிசைய எங்க போட்ட?"

"குடிக்கிறன் ராத்தா."

"பொய் சொல்லாத புள்ள."

"அல்லாஹ்வுக்காகக் குடிக்கிறன்."

நாச்சியாவின் கை பறந்தது. லைலாவின் கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்தன, அந்த வெளிறிய கன்னத்தில் பதிந்த விரல்கூடச் சிவக்கவில்லை. லைலா அழவில்லை. ஒரு தகர டப்பாவைத் திறந்து காட்டினாள். முப்பது கொடுத்ததில் இரண்டு மீதி இருந்தது, கணக்குச் சரி.

"எப்படிக் குடிச்ச?"

"அந்த மணம் பொறுக்க ஏலா. சாயம் கடுமையாப் பிளேன்டீ ஊத்தி, அதோட விழுங்கிற. ஈரல் திண்டாலும் நாத்தம் போக ஒரு கோப்ப குடிக்கிற."

நாச்சியா அப்படியே அடுப்படியில் உட்கார்ந்தாள். இந்தக் கரையில் சாப்பாட்டுக்கு மேல் பாலில்லாத சாயத் தேத்தண்ணி குடிக்காத வீடு உண்டா? கடுஞ்சாயம் இரும்பை உடம்பில் சேர விடாமல் கட்டிப்போடும் என்று பயிற்சியில் படித்தவள்தான் அவள். குளிசை கொடுத்தாள், குடி என்றாள், எதோடு குடிக்கிறாய் என்று ஒருநாளும் கேட்கவில்லை. கேட்காதது இவள், அறை வாங்கியது அவள்.

லைலாவின் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்தாள். "அடி," என்றாள்.

லைலா கையை இழுத்துக்கொண்டாள். "நீங்களும் அடிச்சா நான் எங்க ராத்தா போற?"

  நாச்சியா எழுந்து போய்த் தேசிக்காய் இரண்டை வெட்டிப் பிழிந்து, மீதிக் குளிசை ஒன்றை, இரும்பை உடம்பில் சேர்க்கிற அந்தப் புளித்தண்ணீரோடு தன் கையாலேயே அவளை விழுங்க வைத்தாள். அன்றிலிருந்து தேத்தண்ணி சாப்பாட்டுக்கு இரண்டு மணித்தியாலம் தள்ளித்தான். நாள் தவறாமல் வந்து நின்று பார்த்தாள். தையில் ஏழரை. மாசியில் எட்டு முக்கால். பங்குனி முடிவில் பத்தே கால். அந்தப் பரிசோதனைத் துண்டுக் காகிதத்தை நாச்சியா வாத்தியாருக்குக் காட்டினாள், பக்கத்து வீட்டுக்குக் காட்டினாள், பஸ் கண்டக்டர் டிக்கட் கேட்டிருந்தால் அவனுக்கும் அதைத்தான் காட்டியிருப்பாள்.

ஆனாலும் ஏழாவது பிரசவம், நம்ப முடியாது. ஆஸ்பத்திரி டொக்டர் தங்கராசாவிடம் தொங்கிக்கொண்டு நின்று, மட்டக்களப்புக்கு எழுதுவித்து, ஐஸ் பெட்டியில் ஒரேயொரு போத்தல் ஓ நெகட்டிவ் எடுப்பித்தாள். ஆஸ்பத்திரிக் குளிர்ப்பெட்டியில் அது ஏறியது. மேலே பிளாஸ்டர் ஒட்டி "சித்தி லைலா" என்று எழுதினாள்.

எண்பத்தைந்து சித்திரையில் ஊர் பற்றிக்கொண்டது. காரைதீவுத் தமிழர் பக்கம் புகை, சாய்ந்தமருது முஸ்லிம்கள் பக்கம் புகை, நேற்றுவரை ஒரே சந்தையில் நெல்லும் மீனும் மாற்றிக்கொண்டவர்கள் வாளும் துவக்குமாக எல்லையில் நின்றார்கள். வீடுகள் எரிந்தன. வயலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. ஊரடங்குச் சட்டம் போட்டு ரோட்டை மூடினார்கள். நாச்சியா லைலாவை முதல் நாளே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத் தானும் அங்கேயே கிடந்தாள். டொக்டர் தங்கராசா வீட்டுக்குப் போக முடியாமல் நாலு நாளாக அங்கேயே வெட்டும் தையலுமாக நின்றார். தரையில் காயக்காரர்கள். இருந்த ரத்தமெல்லாம் இரண்டாம் நாளே முடிந்துவிட்டது. பிளாஸ்டர் ஒட்டிய போத்தல் மட்டும் மீதி.

ஐந்தாம் நாள் காலை லைலாவுக்கு வலி தொடங்கியது. அதே நேரம் ஒரு டிரக்டர் பெட்டியில் வைத்து ஜவுபரைக் கொண்டுவந்தார்கள். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே வாள் இறங்கியிருந்தது. எல்லையில் கடை ஒன்றைக் கொளுத்தப் போன கூட்டத்தில் நின்றானாம். பெட்டியின் பலகை முழுக்க ரத்தம், அவன் உதடு சுண்ணாம்பு.

டொக்டர் காயத்தைக் கட்டிப் பிடித்தபடி கேட்டார். "நாச்சியா, வழிஞ்சதை நிப்பாட்டியாச்சு. ஆனா ரத்தம் ஏத்தாட்டி இவன் பகல் தாண்ட மாட்டான். இருக்கிறது அந்தப் போத்தல் ஒண்டுதான். உன்ட லைலா அது இல்லாமத் தாங்குவாளா? நீதான் அவளைத் தெரிஞ்சவ, நீ சொல்லு."

நாச்சியா பிரசவ அறைக்குப் போனாள். லைலா கட்டில் கம்பியைப் பிடித்து வலியை விழுங்கிக்கொண்டிருந்தாள். விசயத்தைச் சொன்னாள். போத்தல் உனக்கென்று வந்தது, நீ சொல்வதுதான் என்றாள்.

லைலா வலி ஒன்று வந்து போகும்வரை பொறுத்தாள். பிறகு, "வேணா," என்றாள். "குடுக்க வேணா, ராத்தா."

உள்ளதைச் சொன்னால் நாச்சியாவுக்கு அந்த நொடியில் சந்தோசமாக இருந்தது. சாகட்டும் நாய் என்று தோன்றியது. ஆனால் நடையில் இருபது அடி நடப்பதற்குள் வேறொன்று வந்தது. ஆறு பிள்ளைகள். போத்தலைக் குளிர்ப்பெட்டியில் வைத்துக்கொண்டு ஒருத்தனைச் சாக விட்டவள் என்ற பெயர். இவற்றுக்கெல்லாம் மேலே, அவள் பின்னாளில் தானே ஒத்துக்கொண்ட ஒரு காரணமும் இருந்தது. பத்தே கால். லைலாவின் அந்த அளவு போத்தலால் வந்ததல்ல, நாச்சியா தன் கையால் ஏற்றியது. போத்தல் இல்லாமல் ஒருத்தி பிழைப்பாள் என்று இத்தனை வருடம் கத்தியது மெய் என்று பார்க்க அவளுக்கு ஆசையாக இருந்தது.

"தாங்கும். குடுங்க ஐயா," என்றாள் டொக்டரிடம்.

பகல் பன்னிரண்டுக்குப் பிள்ளை பிறந்தது, ஆண். நஞ்சுக்கொடியும் வந்தது. பிறகு லைலாவின் கருப்பை தளர்ந்து, ரத்தம் குழாய் திறந்த மாதிரி வந்தது. ஊசி போட்டார்கள், நிற்கவில்லை. நாச்சியா வலது கையை உள்ளே செலுத்தி முட்டியாக மடக்கி, இடது கையால் வயிற்றின் மேலிருந்து அழுத்தி, இரண்டு கைக்கும் நடுவே அந்தத் தசையைப் பிழிந்து பிடித்தாள். லைலா அலறினாள். முழங்கைவரை சூடு. தரையில் வழுக்கியது. அடுத்த வாட்டுக் கட்டிலில் லைலாவின் பெயர் எழுதிய போத்தல் சொட்டுச் சொட்டாக ஜவுபருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அரை மணித்தியாலம் அவள் கையை எடுக்கவில்லை. நான் கொன்றுவிட்டேன், நான்தான் கொன்றேன் என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்ததாகப் பக்கத்தில் நின்ற தாதி பிறகு சொன்னாள்.

முட்டிக்குள் தசை இறுகியது. பெருக்கு நின்றது. லைலாவின் நாடி மெல்லியதாக, ஆனால் விடாமல் அடித்தது. மறுநாள் ரத்தம் ஏழு. வந்ததில் மூன்றேகால் தரையில் போய், மீதி உயிருக்குப் போதுமாக இருந்தது. ஆறோடு வந்திருந்தால் ஒன்றும் மிஞ்சியிராது.

ஜவுபரும் பிழைத்தான். அவன் பிழைத்ததுதான் ஊருக்குப் பெரிய கதையாகப் போயிற்று. "என்ட பொண்டாட்டி தன்ட ரத்தத்தக் குடுத்து என்னக் காப்பாத்தினவ," என்று கடையில் உட்கார்ந்து கண் கலங்கச் சொன்னான். பள்ளிவாசல் வரை அந்தக் கதை போனது. பெண்கள் லைலாவைப் பார்க்க வந்து, பொண்டாட்டி என்றால் இவளல்லவா என்று கையைப் பிடித்துக் கொஞ்சினார்கள். லைலா ஒன்றும் சொல்லவில்லை. நாச்சியாவும் வாயை மூடிக்கொண்டாள், அவள் வாழ்க்கையில் மூடிய ஒரே தடவை.

மறுபடி தேசிக்காய், மறுபடி குளிசை. ஆவணியில் ரத்தம் பதினொன்று. அன்று இமையை இழுக்க நாச்சியா முந்தானையை விலக்கியபோது, இமை நல்ல சிவப்பு. அதைச் சுற்றிக் கண் நாவல்பழம் மாதிரி வீங்கிக் கறுத்திருந்தது. கீழ் உதடு கிழிந்திருந்தது.

"என்னத்தால அடிச்சான்?"

"கையாலதான். இப்ப நல்ல பெலன் அவருக்கு." லைலா பிள்ளையை மடியில் மாற்றிப் போட்டாள். "நான் அண்டைக்கு வேணாமெண்டு சொன்னன்தானே, ராத்தா."

 நாச்சியா கூரையையும் வளவையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"வீடு ஆர்ட?"

"என்ட. வாப்பா கலியாணத்துக்கு என்ட பேருக்கு எழுதின."

"அவன்ட சாமான்?"

"அந்தத் தகரப் பெட்டிதான். அதோடதான் வந்த."

இந்தக் கரையில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பான், வளவும் வீடும் பெண்ணுடையது. எல்லோருக்கும் தெரிந்த இந்தச் சங்கதி பதின்மூன்று வருடமாக லைலாவுக்கு மட்டும் ஞாபகத்தில் இல்லை. அடி விழுந்த தலையில் ஞாபகம் எப்படி நிற்கும்? லைலா எழுந்தாள். பிள்ளையை நாச்சியாவின் கையில் கொடுத்தாள். பெட்டியை இழுத்து, தூக்கி, வேலி வாசல் கடப்புக்கு வெளியே தெரு மணலில் வைத்தாள். பிறகு உலக்கையை எடுத்துக்கொண்டு கடப்பில் நின்றாள்.

பின்னேரம் கடை பூட்டி ஜவுபர் வந்தான். பெட்டியைக் கண்டான், அவளைக் கண்டான். கை ஓங்கிக்கொண்டு வந்தான். உலக்கை அவன் முன்னங்கையில் இறங்கியது. எலும்பு பட்ட சத்தம் அடுத்த வளவுக்குக் கேட்டது. அவன் மணலில் முழங்கால் குத்தி விழுந்தான். வேலிகளுக்கு மேலே முக்காடுகள் எழுந்தன.

"ரத்தம் குடுத்துக் காப்பாத்தின புருஷனையா துரத்துற?" என்று தெருவுக்குக் கேட்கக் கத்தினான்.

"நான் குடுக்கல்ல," என்றாள் லைலா. உலக்கையை இறக்கவில்லை. "குடுக்க வேணாமெண்டுதான் சொன்னன். நீ மௌத்தாகட்டும் எண்டுதான் சொன்னன். குடுத்த இவ."

தெரு முழுதும் நாச்சியாவைப் பார்த்தது. ஜவுபரும் பார்த்தான். இல்லையென்று ஒரு சொல் சொன்னால் போதும், அவள் பெயர் தப்பும். லைலாதான் கெட்டவளாவாள்.

"ஓம்," என்றாள் நாச்சியா. "அவ மாட்டனெண்டு சொன்ன. அவட சொல்லத் தாண்டி அவட போத்தலக் களவெடுத்து ஒனக்கி ஏத்தின நான்தான். என்ட பிழை. பெட்டியத் தூக்கு."

அவன் நல்ல கையால் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு உம்மா வீட்டுத் திசையில் நடந்தான். வேலிக்கு மேலே இருந்த ஒருத்தியும் அவனைக் கூப்பிடவில்லை. லைலா கடப்பைக் கட்டிவிட்டு வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

"குளிசை இன்னும் எத்தின மாசத்துக்கு, ராத்தா?" என்று கேட்டாள்.

"மூணு மாசம்," என்றாள் நாச்சியா.